தரம் 3: காலமை முதல் அரை மணித்தியாலம் கணக்கும் வாசிப்பும் நீங்கள் என்ன மாதிரிச் செய்யிறியள்?

குளத்தடி ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் துணுக்காய்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில தரம் 3 எடுக்கிறன், ஆசிரியரா வந்து இது ரெண்டாவது வருசம், போன வருசம் தரம் 1 தந்தவை இந்த வருசம் 3. வகுப்பில 24 பிள்ளையள். ஒன்பது பேர் நல்லா வாசிப்பினம், எட்டுப் பேர் எழுத்தெழுத்தா கூட்டிக் கூட்டி வாசிப்பினம், மிச்சம் ஏழு பேருக்கு கொம்பும் அரவும் ஒரே எழுத்தில வந்தாலே குழம்பீடும், 'கொக்கு' எண்டதை 'கெக்கு' எண்டு வாசிச்சுப்போட்டு சரியோ பிழையோ எண்டு என்ர முகத்தைப் பாக்கிற பிள்ளை இருக்கு. கணக்கிலயும் இப்பிடித்தான். 47ஓட 25ஐக் கூட்டு எண்டா 612 எண்டு எழுதிற பிள்ளை இருக்கு, அவன் ஏழும் அஞ்சும் பன்னிரண்டு எண்டு சரியாத்தான் கூட்டியிருக்கிறான், நாலும் ரெண்டும் ஆறு எண்டதும் சரி, ஆனா 612 எண்டது எவ்வளவு பெரிய எண் எண்டு அவனுக்கு ஒரு உணர்வும் இல்லை.

ஜனவரியில இருந்து ஒவ்வொரு நாளும் காலமை இடாப்புக் கூப்பிட்டு முடிய வாய்ப்பாடு எல்லாரும் சேந்து சொல்லுறது, பிறகு பத்துச் சொல் சொல்வதெழுதல், இதுதான் செய்துகொண்டு வந்தன். என்னைப் படிப்பிச்ச ரீச்சர்மார் அப்பிடித்தான் செய்தவை. ஆனா ஒரு மாசத்துக்கு மேல பாத்திட்டன், தெரிஞ்ச பிள்ளையள் தான் சத்தமா சொல்லுதுகள், தெரியாததுகள் வாயை மட்டும் அசைக்குதுகள். சொல்வதெழுதலில பத்துக்குப் பத்து எடுக்கிற அதே ஒன்பது பேர் தான் ஒவ்வொரு நாளும் பத்துக்குப் பத்து. ஒரு பொம்பிளைப் பிள்ளை கொப்பி எடுக்கச் சொல்ல ஒவ்வொரு நாளும் வயித்துக்குத்து எண்டு சொல்லும். முதல்ல காலமைச் சாப்பாடு இல்லாமல் வந்திருக்கும் எண்டு நினைச்சன், கேட்டா சாப்பிட்டுத்தான் வந்திருக்கு. அது என்னைச் சரியா உலுக்கிப் போட்டுது. நான் செய்யிற வேலை அந்தப் பிள்ளைக்கு வருத்தமா மாறியிருக்கு.

இப்ப நான் கேக்கிறது என்னெண்டா, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில ஒரே மாதிரிச் செய்யக்கூடிய, அந்த ஏழு பேரும் உண்மையாச் சேரக்கூடிய ஏதாவது வேணும். போட்டோக் கொப்பி அடிக்க எங்களுக்கு வசதி இல்லை, கரும்பலகை இருக்கு, சுற்றிவர தென்னை இருக்கு, புளியமரம் இருக்கு. என்ன செய்யிறியள், எத்தினை நிமிசம் எடுக்கும், பெற்றோர் தரம் 5 சோதினையை நினைச்சு புலமைப்பரிசில் புலமைப்பரிசில் எண்டு இப்பவே ரியூசனுக்கு அனுப்புகினம், அவைக்கு என்ன சொல்லுறியள்? வெட்கப்படாமல் கேக்கிறன், சொல்லித் தாங்கோ.

பழைய கொப்பி:

பிள்ளை, கேட்டது நல்லது, வெட்கப்பட ஒண்டும் இல்லை. நான் கிளிநொச்சியில ஆரம்பப் பிரிவு படிப்பிச்சு ஓய்வு பெற்றனான். அந்த 612 எழுதின பொடியனைப் பற்றித்தான் முதல் சொல்ல வேணும், ஏனெண்டா அவனுக்குக் கூட்டல் தெரியும், பத்துத் தான் தெரியாது. பத்தைக் கையில பிடிச்சுப் பாக்காத பிள்ளைக்கு கரும்பலகையில நீங்கள் எத்தினை தரம் மேல ஒண்டு போடு எண்டு சொன்னாலும் அது வெறும் கோலம்.

தென்னை ஈர்க்கு எடுங்கோ. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஒரு பெட்டியில போடுங்கோ. மூண்டு பால்மா ரின் எடுத்து வலப்பக்கம் ஒன்றுகள், நடுவில பத்துகள், இடப்பக்கம் நூறுகள் எண்டு எழுதி பிள்ளையளின்ர கண் மட்டத்தில வையுங்கோ. ஒவ்வொரு பள்ளிக்கூட நாளும் ஒரு பிள்ளை எழும்பி வந்து ஒரு ஈர்க்கை ஒன்றுகள் ரின்னுக்க போடும். இண்டைக்கு நாங்கள் பள்ளிக்கூடம் வந்து எத்தினையாவது நாள்? எண்ணிச் சொல்லு. பத்தாவது நாள் வந்தவுடன அந்தப் பத்தையும் எடுத்து ஒரு கட்டாக் கட்டி அடுத்த ரின்னுக்க போட வேணும், ஒன்றுகள் ரின் வெறுமையாப் போகும். அந்த வெறும் ரின்னைக் காட்டித்தான் சைபர் ஏன் எழுதுறம் எண்டு சொல்லிக் குடுக்கலாம், அதைவிட வேற வழி எனக்குத் தெரியாது. ஜனவரியில தொடங்கேல்ல எண்டு கவலைப்படாதேங்கோ, விட்ட நாளை எல்லாம் சேத்துப் போடவும் வேண்டாம், நாளைக்கு ஒண்டில இருந்து தொடங்குங்கோ. வருசம் முடியிறதுக்குள்ள நூறு வரும், அண்டைக்கு அவையள் பத்துக் கட்டையும் சேத்துக் கட்டுறதைப் பாருங்கோ.

ஈர்க்குப் போட்ட பிறகு அதே எண்ணை வைச்சு மூண்டே மூண்டு கேள்வி. ஒண்டு கூட, ஒண்டு குறைய, பத்துக் கூட. பெரிய எண்ணாப் போகப் போக பத்துக் குறைய. அவ்வளவுதான், எட்டு நிமிசத்துக்கு மேல போகக்கூடாது. கூட்டல் பாடம் வரேக்க அதே ஈர்க்கை எடுத்து நாலு கட்டும் ஏழும், ரெண்டு கட்டும் அஞ்சும் எண்டு மேசையில வைச்சா, அந்தப் பொடியன் பன்னிரண்டு உதிரியையும் பாத்திட்டு தானாவே பத்தைக் கட்டுவான். பிறகு அவன் 612 எழுதினா நீங்கள் பிழை எண்டு சொல்ல வேண்டாம், ஆறு நூறுக் கட்டு எங்கை எண்டு கேளுங்கோ.

இன்னொண்டு, இதை நான் கனகாலம் கவனிக்காமல் விட்டனான். எங்கட தமிழ் எண் பெயர் பிள்ளைக்கு நல்ல உதவி, இருபத்துமூன்று எண்டா இருபதும் மூண்டும் எண்டு பெயருக்குள்ளயே இருக்கு. ஆனா ஒன்பது வந்தா அந்த ஒழுங்கு உடைஞ்சு போகும். எழுபது, எண்பது எண்டு 'பது' எண்டு முடிஞ்சுகொண்டு வந்தது திடீரெண்டு தொண்ணூறு, அதுக்குள்ள நூறு எண்ட சத்தம் கேக்குது. அங்கால எழுநூறு, எண்ணூறு, பிறகு தொள்ளாயிரம், அதுக்குள்ள ஆயிரம் கேக்குது. அதால 90 எண்டு சொல்ல 900 எழுதிற பிள்ளையும் 89க்குப் பிறகு நூறு எண்டு சொல்லுற பிள்ளையும் கவனம் இல்லாத பிள்ளை இல்லை, நல்லாக் காது குடுத்துக் கேக்கிற பிள்ளை. உங்கட ஈர்க்கு 80ஐத் தாண்டினவுடன ஒவ்வொரு நாளும் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதி ஈர்க்கைக் காட்டிச் சொல்ல வையுங்கோ. பத்து நாள் செய்தாக் காணும்.

அந்த வயித்துக்குத்துப் பிள்ளைக்கு கொஞ்ச நாளைக்குக் கொப்பியே குடுக்காதேங்கோ. நாங்கள் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ வைச்சுப் படிப்பிச்ச காலத்தில கொப்பியும் இல்லை பலகையும் இல்லை, மணல்ல விரலால எழுதினதுகள். அப்ப ஒண்டு கண்டனான், மணல்ல எழுத எந்தப் பிள்ளையும் பயப்பிடேல்ல, பிழைச்சா கையால தடவி விட்டிட்டு அடுத்ததை எழுதுங்கள். கொப்பியில சிவப்புப் பேனையால போட்ட பிழை அழியாது, அதுதான் வயித்தைக் குத்துது.

மாங்குளத்தான்:

ரீச்சர் சொன்ன ஈர்க்குக்கு மேல நான் ஒண்டும் சொல்ல மாட்டன், வாசிப்பைப் பற்றிச் சொல்லுறன். நான் தரம் 2ம் 3ம் எடுத்தனான்.

எங்கட வகுப்பில ஒவ்வொரு நாளும் 'இண்டையான் செய்தி' எண்டு ஒரு வேலை இருக்கு. ஒரு பிள்ளை எழும்பி ஒரே ஒரு வசனம் சொல்ல வேணும், வீட்டில நடந்தது, வழியில கண்டது, எதுவும் சரி. போன மாசம் ஒரு பொடியன் சொன்னான், 'நேற்று எங்கட வயலுக்க ஆனை வந்து நெல்லெல்லாம் மிரிச்சுப் போட்டுது' எண்டு. நான் அவன் சொன்ன மாதிரியே, ஒரு எழுத்தும் மாத்தாமல் கரும்பலகையில எழுதினன். எல்லாரும் வாசிச்சினம், அந்த ஏழு பேர் மாதிரி இருக்கிற பிள்ளையளும் வாசிச்சினம், ஏனெண்டா அவைக்கு வசனம் ஏற்கெனவே தெரியும், கண் மட்டும் எழுத்துக்குப் பின்னால போனாக் காணும். அதுக்குப் பிறகு கீழ புத்தகத்தில எப்பிடி வரும் எண்டு எழுதினன், 'நேற்று எங்கள் வயலுக்குள் யானை வந்து நெல்லை எல்லாம் மிதித்துவிட்டது'. ரெண்டையும் பாத்து என்ன மாறியிருக்கு எண்டு கேட்டா பிள்ளையளே கண்டுபிடிக்கும், எங்கட எங்கள் ஆச்சு, ஆனை யானை ஆச்சு. இது அஞ்சு நிமிசம்.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிசாச் சொல்லுறன் எண்டா எங்கட பிள்ளையள் வாசிக்கக் கஷ்டப்படுறதுக்கு பாதிக் காரணம் புத்தகத்தில இருக்கிற தமிழ் அவை வீட்டில கேக்கிற தமிழ் இல்லை. நாங்கள் ஒண்டு, மூண்டு, நிண்டு, கண்டுக்குட்டி எண்டு கதைக்கிறம், புத்தகம் ஒன்று, மூன்று, நின்று, கன்றுக்குட்டி எண்டு சொல்லுது. பிள்ளை 'மூண்டு' எண்டு எழுதினா அது தன்ர காதுக்குக் கேட்டதைச் சரியா எழுதியிருக்கு. கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் மலையகத்தில இருந்து வந்து குடியிருக்கிற குடும்பங்கள் கனக்க, அந்தப் பிள்ளை 'இருக்காங்க' எண்டு சொல்லும், பக்கத்தில இருக்கிற பிள்ளை 'இருக்கினம்' எண்டு சொல்லும், புத்தகத்தில 'இருக்கிறார்கள்'. ரெண்டு பிள்ளையும் வீட்டுத் தமிழைச் சரியாத்தான் கதைக்குது, ரெண்டு பேருக்கும் எழுத்துத் தமிழ் புதுசு. இதை வகுப்பில வெளிப்படையாச் சொன்னா பிள்ளை கதைக்கப் பயப்பிடாது. சின்ன வயசில நான் வேற ஊர்ப் பள்ளிக்கூடம் ஒண்டுக்குப் போய் என்ர பேச்சைக் கேட்டுச் சிரிச்சவை, ஒரு தவணை முழுக்க வாய் திறக்கேல்ல நான்.

சொல்வதெழுதல் வேண்டாம் எண்டு நான் சொல்ல மாட்டன், வெள்ளிக்கிழமை வையுங்கோ, அந்தக் கிழமை கரும்பலகையில வந்த அஞ்சு வசனத்தில இருந்து ஒரு வசனம் மட்டும். திங்களில இருந்து வாசிச்சதுதானே. செவ்வாய்க்கிழமை ஒரு சொல்லை அழிச்சுப்போட்டு வாசிக்க வைப்பன், புதன் ரெண்டு சொல்லை அழிப்பன், அழிச்ச இடத்தையும் சேத்து வாசிக்குங்கள், அது அவைக்கு நல்ல விருப்பம்.

எழுத்துப் பிழைக்கு ஒரு கிழமைக்கு ஒரு விசயம் மட்டும் பிடியுங்கோ. இன எழுத்தைப் பிடிச்சாப் பாதிப் பிழை போகும், க வுக்கு முன்னால ங், ச வுக்கு முன்னால ஞ், ட வுக்கு முன்னால ண், த வுக்கு முன்னால ந், ப வுக்கு முன்னால ம், ற வுக்கு முன்னால ன். சங்கு, பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று. இந்த ஆறு சொல்லையும் படத்தோட சுவரில ஒட்டி விட்டிட்டு ஒவ்வொரு நாளும் வாசிக்க வைச்சா 'பன்து' எண்டு எழுதிறது தானா நிண்டிடும். ல, ள, ழ வேற கதை, எங்கட பேச்சில ள வும் ழ வும் ஒரே மாதிரிக் கேக்கிறதால காதால படிப்பிக்க ஏலாது, கண்ணாலதான் படிய வேணும், அதுக்குக் காலம் எடுக்கும், அவசரப்படாதேங்கோ.

கணக்கண்ணை:

எல்லாம் சரி, ஆனா வாய்ப்பாட்டைக் கைவிடச் சொல்லாதேங்கோ. நான் இடைநிலைக்குக் கணிதம் எடுக்கிறன், தரம் 6க்கு வாற பிள்ளை ஏழெட்டு எவ்வளவு எண்டு கேட்டா விரல் மடக்குது, பின்னம் வரேக்க அங்கயே மூச்சு முடியுது. ஈரிரண்டு நாலு, மூவேழு இருபத்தொண்டு எண்டு சந்தத்தோட சொல்லுறது எங்கட பழக்கம், அதில ஒரு பிழையும் இல்லை.

பிழை எங்கை எண்டா எல்லாரும் ஒண்டாச் சொல்லுறதோட நிப்பாட்டுறதில. பத்துப் பத்தா நூறு இருக்கு எண்டு பிள்ளைக்கு மலைப்பா இருக்கும். ஆனா மூண்டேழும் ஏழுமூண்டும் ஒண்டு எண்டு தெரிஞ்சா நூறு 55 ஆகும். அதில ஒண்டாம், ரெண்டாம், அஞ்சாம், பத்தாம் வாய்ப்பாடு எப்பிடியும் வந்திடும், அதைக் கழிச்சா மிச்சம் வெறும் 21 தான். நான் சொல்லுறதை நம்ப வேண்டாம், மூண்டு, நாலு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது இந்த ஆறு எண்ணையும் வைச்சு எழுதிப் பாருங்கோ. 21ஐயும் பழைய கலண்டர் மட்டையில வெட்டி எழுதி ஒவ்வொண்டாப் படிப்பிக்கலாம். தரம் 3க்கு எல்லாம் தேவையும் இல்லை, மூண்டும் நாலும் இறுக்கமா வந்தாக் காணும்.

அதுக்கு முதல் புளியங்கொட்டை. மூண்டு மூண்டாக் குவியல் வைக்கச் சொல்லுங்கோ, நாலு குவியல் எத்தினை எண்டு எண்ணாமல் சொல்லு எண்டு கேளுங்கோ. பெண் பிள்ளையள் கொக்கான் வெட்டேக்க ரெண்டு ரெண்டா அள்ளுதுகள், அது பெருக்கல்தானே, அதை வகுப்புக்குள்ள கொண்டு வாங்கோவன்.

பழைய கொப்பி:

கணக்கண்ணை சொன்னதை ஏற்கிறன், ஆனா தங்கச்சி கேட்ட கேள்வி அந்த ஏழு பேர். சேந்து சொல்லேக்க மற்றவையின்ர சத்தம் அவையைத் தூக்கிக்கொண்டு போகும், ரீச்சருக்கும் தெரியாது பிள்ளைக்கும் தெரியாது. அதால சேந்து சொல்லி முடிய ரெண்டு ரெண்டு பேரா இருத்தி ஒராள் கேக்க மற்றாள் சொல்லட்டும், ஒழுங்கு மாத்திக் கேக்கட்டும். சோடி சேக்கேக்க வலுவான பிள்ளையையும் ஏலாத பிள்ளையையும் சேத்தா கெட்டிக்காரப் பிள்ளை தானே சொல்லிப் போடும், கொஞ்சம்தான் வித்தியாசம் இருக்கிற பிள்ளையளைச் சேருங்கோ.

ரெண்டு வகுப்பு ரீச்சர்:

நான் ஒட்டுசுட்டானுக்கு உள்ளால, தரம் 3ம் 4ம் எனக்கு ஒரே மண்டபத்தில. ரெண்டு கரும்பலகை, நடுவில ஒரு அலுமாரி. முதல் வருசம் இந்தப் பக்கம் கத்தி அந்தப் பக்கம் கத்தி தொண்டை போச்சு. பிறகு காலமை முதல் பாடம் மட்டும் வகுப்பை மறந்திட்டு வாசிப்பு மட்டத்தைப் பாத்து மூண்டு குழுவாப் பிரிச்சன். தரம் 4 பிள்ளை ரெண்டு பேர் எழுத்துக் குழுவில, தரம் 3 பிள்ளை மூண்டு பேர் கதைக் குழுவில. பெரிய பிள்ளையள் குறை நினைக்கும் எண்டு பயந்தனான், அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல, தங்களுக்கு விளங்கிற இடத்தில இருந்ததால சந்தோசமா இருந்ததுகள்.

இது நான் கண்டுபிடிச்சது இல்லை, இந்தியாவில பிரதம் எண்ட அமைப்பு இப்பிடித்தான் செய்யினம், பிள்ளை எந்த வகுப்பு எண்டு பாக்காமல் எந்த மட்டம் எண்டு பாத்துக் குழு சேக்கிறது. அவையின்ர சோதனை நல்ல சுலபம், ஒரு பிள்ளையைத் தனியக் கூப்பிட்டு முதல் ஒரு சின்னப் பந்தி வாசிக்கக் குடுக்கிறது, வாசிச்சா கொஞ்சம் பெரிய கதை, வாசிக்கேலாட்டி சொல், அதுவும் ஏலாட்டி எழுத்து. ஒரு பிள்ளைக்கு ரெண்டு மூண்டு நிமிசம். ரீச்சர், நீங்கள் ஒன்பது, எட்டு, ஏழு எண்டு ஏற்கெனவே பிரிச்சு வைச்சிருக்கிறியள், ஆனா அந்த ஏழு பேரும் ஒரே இடத்தில நிக்கினமோ எண்டு ஒருக்காத் தனித்தனியாப் பாருங்கோ. என்ர வகுப்பில ஒரு பிள்ளைக்கு எழுத்து எல்லாம் தெரியும், பலகை தெரியேல்ல. கண்ணாடி போட்ட பிறகு ஒரு தவணைக்குள்ள கதைக் குழுவுக்கு வந்திட்டுது.

கணக்குக்கு நான் குளத்து நீர்மட்டம் எடுக்கிறனான், எங்கட ஆக்களுக்கு மழை காலத்தில கதையே அதுதானே. இரணைமடுக் குளம் நிரம்பினா 36 அடி, இண்டைக்கு 31 அடி எண்டு போனில பாத்து எழுதினா இன்னும் எத்தினை அடி வேணும் எண்டு பிள்ளையளே கேக்காமலே கழிக்கும். ஒரு எச்சரிக்கை, அங்குலத்தை இதுக்குள்ள கொண்டு வராதேங்கோ. அடிக்குப் 12 அங்குலம், உங்கட ஈர்க்குப் பத்தில கட்டுறது, ரெண்டையும் ஒரே நேரத்தில குடுத்தா இப்பதான் விளங்கின பத்தும் குழம்பிப் போகும். நான் அந்தப் பிழையை விட்டு ஒரு கிழமை திருப்பிப் படிப்பிச்சனான்.

ஒரு அம்மா:

நான் ரீச்சர் இல்லை, வாசிச்சுக்கொண்டு வந்தன், எழுதாமல் இருக்க முடியேல்ல. என்ர மகளும் போன வருசம் காலமையில வயித்துக்குத்து எண்டு சொல்லுறவள். நான் ஆசுப்பத்திரிக்கும் கொண்டு போனனான், கோயிலுக்கு நேத்தியும் வைச்சனான். சொல்வதெழுதலுக்குப் பயந்துதான் எண்டு எனக்கு அப்ப தெரியாது. அதால ரீச்சர், அந்தப் பிள்ளையின்ர அம்மாவோட ஒருக்காக் கதையுங்கோ, குறை சொல்லுற மாதிரி இல்லாமல்.

இன்னொண்டு. எங்களைப் போல ஆக்கள் கனபேர் சண்டைக்குள்ள பள்ளிக்கூடம் விட்டவை. வீட்டில வாசிப்பியுங்கோ எண்டு கொப்பியில எழுதி விடுவினம், எனக்கே தடக்கித் தடக்கித்தான் வரும், பிள்ளைக்கு முன்னால அதைக் காட்ட மனம் வராது. எங்களுக்குச் செய்யக்கூடியதாச் சொல்லி விடுங்கோ. இப்ப இருக்கிற ரீச்சர் 'இண்டைக்கு வகுப்பில என்ன வசனம் எழுதினது எண்டு கேளுங்கோ' எண்டு மட்டும்தான் சொன்னவ. நான் அரிசி போடேக்க கேக்கிறன், அவள் சொல்லுறாள். சுண்டு எண்ணுறதும் அவள்தான், மாமாவையளும் வந்தா எத்தினை சுண்டு போட வேணும் எண்டு அவள்தான் எனக்குச் சொல்லுறவள்.

குளத்தடி ரீச்சர்:

மன்னிச்சுக் கொள்ளுங்கோ, உடன பதில் போட முடியேல்ல. எல்லாத்தையும் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன், அம்மா எழுதினதை வாசிச்சு அழுதும் போட்டன். மூண்டு கிழமை செய்து பாத்திட்டு எழுதுவம் எண்டு இருந்தன்.

இண்டைக்கு 14ஆவது ஈர்க்கு. அறுவடை நேரம் எண்டதால சில நாள் 15, 16 பிள்ளையள் தான் வந்தவை, ஆனா வராத பிள்ளை அடுத்த நாள் வந்தவுடன முதல் போய் ரின்னைத்தான் பாக்குது. பத்தாவது நாள் கட்டுறதுக்கு 612 எழுதின பொடியனைத்தான் கூப்பிட்டன். கட்டினான், போட்டான், ஒன்றுகள் ரின்னைக் கவிட்டுத் தட்டிப் பாத்திட்டு 'ஒண்டும் இல்லை ரீச்சர், அதான் சைபர்' எண்டான். நான் சைபரைப் பற்றி அதுக்கு முதல் ஒண்டும் சொல்லேல்ல. 47ம் 25ம் இன்னும் எழுதேக்க சில நேரம் பிழைக்குது, ஈர்க்கோட செய்தா பிழைக்கிறேல்ல. அந்த இடைவெளி எப்ப மூடும் எண்டு தெரியேல்ல, பாப்பம்.

செய்தி வசனம் முதல் கிழமை எனக்குச் சரிவரேல்ல, எல்லாருக்கும் சொல்ல ஆசை, 20 நிமிசம் போட்டுது. இப்ப ஒரு நாளைக்கு ஒராள் எண்டு பெயர் எழுதி ஒட்டியிருக்கிறன். வயித்துக்குத்துப் பிள்ளையின்ர முறை போன புதன் வந்தது. 'எங்கட ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்டு கறுப்பு' எண்டு சொன்னாள், எழுதினன், தன்ர வசனத்தைத் தானே பிரம்பால தொட்டுத் தொட்டு வாசிச்சாள். 'கறுப்பு' எண்ட சொல்லை அடுத்த நாள் மணல் தட்டில எழுதினாள், ற வோட. சொல்வதெழுதல் வெள்ளி மட்டும்தான், வயித்துக்குத்து இந்தக் கிழமை ஒரு நாள் மட்டும் சொன்னவள். தாயோடயும் கதைச்சன், அவ வயலுக்குப் போற வழியில பள்ளிக்கூடப் படலையடியிலயே நிண்டு கதைச்சம்.

தனித்தனியாச் சோதிச்சதில ஏழு பேரில ரெண்டு பேர் சொல் மட்டத்தில நிக்கினம், நாலு பேர் எழுத்து, ஒரு பிள்ளை எழுத்திலயும் பாதிக்கு மேல தெரியாது. அந்த ஒராளுக்கு என்ன செய்யிறது எண்டு இன்னும் விளங்கேல்ல, இடைவேளையில பத்து நிமிசம் தனிய எடுக்கிறன். நேரம் அரை மணித்தியாலம் எண்டு தொடங்கினது இப்ப 40 நிமிசம் போகுது, அதிபர் ஒண்டும் சொல்லேல்ல. பெற்றோர் ஒராள் வந்து 'புலமைப்பரிசிலுக்கு ஈர்க்கு வருமோ ரீச்சர்' எண்டு கேட்டவர். நான் பிள்ளையையே கூப்பிட்டு கட்டுப் பிரிச்சு 32இல இருந்து 18ஐக் கழிச்சுக் காட்ட வைச்சன், பாத்துக்கொண்டு நிண்டிட்டு வீட்டிலயும் ஈர்க்கு வெட்டிக் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.

ஒரு சின்னப் பிரச்சினை மட்டும், கட்டுறதுக்குப் போடுற றப்பர் பான்ட் இந்த வெயிலுக்கு ரெண்டு மூண்டு கிழமையில அறுந்திடும் எண்டு நினைக்கிறன், இப்பவே ஒட்டத் தொடங்கீட்டுது. நூலால கட்ட சின்னாக்களுக்கு ஏலாது. என்ன செய்தனீங்கள்?

பழைய கொப்பி:

பழைய சைக்கிள் ரியூப். சைக்கிள் கடையில கேட்டா சும்மாவே தருவினம், கத்தரிக்கோலால மெல்லிசா வளையம் வளையமா வெட்டுங்கோ, ஒரு ரியூப்பில ரெண்டு வகுப்புக்குக் காணும். நூறாவது நாளைக்குக் கட்ட கொஞ்சம் அகலமா ஒண்டு வெட்டி இப்பவே எடுத்து வையுங்கோ பிள்ளை.